ஏற்காட்டு உச்சி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கருந்துளைகள் இணையும்போது காலவெளியில் பரவும் நுண்ணிய அதிர்வான ஈர்ப்பலையைப் பிடிக்கும் கருவியை ஏற்காட்டில் வைக்கலாமே என்று சேலம் மாணவர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் உயரம் இதற்கு உதவாது; தொல்லை தரையில் இருக்கிறது. அமெரிக்காவின் ஈர்ப்பலைக் கருவியான லைகோவில், லேசர் ஒளியைத் திருப்பும் 40 கிலோ கண்ணாடியை நான்கடுக்கு ஊசலில் தொங்கவிட்டும், சுமார் 10 ஹெர்ட்சுக்கு (நொடிக்குப் பத்து அலைகளுக்கு) கீழே இரைச்சல் மேலோங்கிவிடுகிறது. ரயிலோ, மேக்னசைட் சுரங்க லாரியோ போனால் தரையில் அதிர்வலை ஓடும். அப்போது மண்ணின் அடர்த்தி மாறி, அதன் ஈர்ப்பே கண்ணாடியை அசைக்கும். இதை எந்தச் சுவராலும் தடுக்க முடியாது.

பத்து லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளைகள் இணையும்போது ஓர் அலை கடக்கவே சில நிமிடங்கள் ஆகும். இவ்வளவு மெதுவான அலையைத் தரையில் பிடிக்க முடியாது. அதற்குத்தான் லிசா என்னும் விண்வெளிக் கருவி: 25 லட்சம் கி.மீ. இடைவெளியில் மூன்று விண்கலங்கள், 2035இல் ஏவத் திட்டம்.

நூறு கோடி சூரிய நிறையுள்ள கருந்துளைகள், இணைவதற்கு வெகுமுன்பே ஒன்றையொன்று சுற்றும்போது, ஓர் அலைக்கு ஆண்டுக்கணக்கு ஆகும். அங்கே பல்சார்களின் (சுழன்றபடி சீராக ரேடியோத் துடிப்பு அனுப்பும் விண்மீன் எச்சங்களின்) துடிப்பு வந்துசேரும் நேரம்தான் கருவி. வழியிலுள்ள எலக்ட்ரான்கள் நீண்ட ரேடியோ அலைகளைத் தாமதப்படுத்தும். அதைக் கழிக்காவிட்டால் ஈர்ப்பலை என்றே ஏமாந்துபோவோம். அந்தத் தாமதத்தை அளப்பதில் புனே அருகிலுள்ள நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி கைதேர்ந்தது. இத்தகைய மெதுவான ஈர்ப்பலைகளுக்கு 2023 ஜூனில் வெளியான சான்றில் அதன் தரவும் உண்டு. மாணவர் பக்கத்தில் இதைப் படத்துடன் வெளியிட வேண்டுகிறோம்.

இயற்பியல் ஆசிரியர்கள்,
சேலம்.