அப்பாவின் சக்கரம் பெங்களூருக்கு வராது

அன்புள்ள அக்கா,

நீங்கள் விலைக்குக் கேட்ட அப்பாவின் பானைச் சக்கரத்தைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் கேட்டபோது "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்தேன். அப்புறம் உங்கள் போனையே எடுக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்பாவுக்கு வருஷத் தெவசம் வருகிற மாதத்தில் அவர் சக்கரத்துக்கு விலை கேட்டால் நான் எந்த வாயால் பேசுவது?

நம் பட்டறையில் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் என்னிடம் விசாரிக்கிறார்கள், அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவும் இதைப் படிக்கும். பணம் கொடுத்தது, வாங்கியது பற்றி இங்கே பேச்சு வேண்டாம். அதில் யார் மேலும் எனக்குப் புகார் இல்லை என்று மட்டும் இருக்கட்டும்.

நீங்கள் நம் பட்டறைக்கு வந்த புதிதில் ஒரு மத்தியானம். பெங்களூர்ப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அப்பா ஒரு பானையை இழுத்து முடித்து, நூலால் அறுத்து இறக்கினார். நீங்கள் கம்பியை எடுத்து மேலிருந்து கீழாக அதை இரண்டாகப் பிளந்தீர்கள். வெட்டு முகம் ஈரமாகப் பளபளத்தது. வாய்ப் பக்கம் சுவர் மெல்லிசாக, கீழே வரவரத் தடியாக. "கழுத்து எவ்வளவு அழகு பாருங்க. ஆனா கீழே இவ்வளவு மண் தேவையே இல்லை, இதைத்தான் நாம திருத்தணும்" என்றீர்கள். பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். "இன்னும் அடி தட்டலையேம்மா" என்று அப்பா சொன்னது யார் காதிலும் விழவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிசைந்து மண்ணோடு போட்டுவிட்டு, அடுத்த உருண்டையைச் சக்கரத்தில் வைத்தார்.

எங்கள் பானைக்குச் சக்கரத்திலிருந்து இறங்கும்போது அடியே கிடையாது, நூல் அறுத்த இடம் ஓட்டைதான். கொஞ்சம் காய்ந்ததும் உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி, கீழே விட்டுவைத்த அந்தத் தடிமனை இழுத்துத்தான் ஓட்டையை மூடுவது. நீங்கள் குறை என்று காட்டியது, பானைக்கு அடி ஆக வேண்டிய மண். பிற்பாடு உங்களுக்கே இது தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை திருத்திச் சொல்லியிருக்கலாம் அக்கா.

இவ்வளவும் சொல்கிற எனக்குச் சக்கரத்தில் உட்காரும் உரிமையை வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான். எங்களில் பெண்கள் மண் மிதிப்போம், பானை தட்டுவோம், சூளை அடுக்குவோம். சக்கரத்தைத் தொடமாட்டோம். அப்பாவிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை, நீங்கள் கேட்டீர்கள். ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப் பள்ளியில்கூட, அதை நிறுவிய க்ரோப்பியஸும் அங்கே ஆசானாக இருந்த சிற்பி மார்க்ஸும் 1923-ல் முடிந்தவரை பெண்களை மண்பாண்டப் பட்டறைக்கு எடுக்க வேண்டாம் என்று பேசிவைத்த கதையை, சூளைக்கு விறகு தள்ளிக்கொண்டே அப்பாவுக்குச் சொன்னீர்கள். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எனக்காக மண் பிசைந்து வைத்திருந்தார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அந்த டோர்ன்பர்க் கதைகள் எல்லாமே எனக்கு மனப்பாடம். பள்ளி வைமரில் இருக்க, மண்பாண்டப் பட்டறை மட்டும் 1920-ல் தள்ளி டோர்ன்பர்க் அரண்மனைக் குதிரைலாயத்துக்குப் போனது. உருவம் சொல்லிக்கொடுக்கச் சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ், கைவேலைக்குப் பரம்பரைக் குயவர் மாக்ஸ் கிரேஹான். இரண்டு பேருமே ஆசான்கள். 1925-ல் கிரேஹான் இறந்தார். அதே வருஷம் டெஸ்ஸாவுக்கு இடம் மாறிய பள்ளி மண்பாண்டத்தைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. டோர்ன்பர்க்கில் படித்த குயவர் மார்கரீட் வில்டன்ஹைன், யூதர் என்பதால் 1933-ல் வேலை போய், ஹாலந்து வழியாக 1940-ல் அமெரிக்கா சேர்ந்து, கலிஃபோர்னியாவில் பாண்ட் ஃபார்ம் என்ற மண்பாண்டப் பட்டறையில் 1980 வரை கற்றுக்கொடுத்தார். மார்க்ஸ், கிரேஹான் இருவரையும் தன் ஆசான்கள் என்றே சொன்னார்.

அப்பாவை நீங்கள் "நம்ம கிரேஹான்" என்று கூப்பிட்டபோதெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்தது. உங்கள் கண்காட்சி அட்டையில் இருந்ததோ "உள்ளூர்க் குயவர்களின் உதவியுடன்". பெயரில்லை. அச்சடித்தவர்கள் செய்த வேலை என்றீர்கள், நம்பினேன். நம்பிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் அப்பா அந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், அதை நீங்கள் பார்க்கவில்லை. இப்போது அதே சக்கரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப் போகிறீர்கள் என்றால், கீழே என்ன எழுதுவீர்கள்?

சக்கரம் இங்கேயே சுற்றும். பொங்கல் பானையை ஏரி மண்ணில் போடுவேன், அதிகச் சூட்டில் சுடுகிற ஸ்டோன்வேர் பாண்டங்களுக்கு வழக்கம்போல வெளிமண் வாங்குவேன். நம் ஏரி மண் 1,250 டிகிரியில் உருகி உட்கார்ந்துவிடும் என்று தட்டைத் துண்டுகளாகச் சுட்டுப் பார்த்துக் கற்றது உங்களோடுதானே. தெருவில் இரண்டு பெண் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், அவர்களை உட்காரவைக்கப் போகிறேன். கம்பியால் பிளந்தும் காட்டுவேன், ஆனால் அடி தட்டி முடித்த பிறகு.

தெவசத்துக்கு வாங்க. போன வருஷம் சாவுக்கு வர முடியாததற்கு நீங்கள் சொன்ன காரணத்தை அம்மா ஏற்றுக்கொண்டாள், நான் இன்னும் இல்லை. வரும்போது பாண்டத்துக்கு மேல்பூச்சுக் கலவைகள் எழுதிவைத்த கிளேஸ் நோட்டைக் கொண்டு வாருங்கள். அதில் பாதி என் கையெழுத்து.

உங்கள் தங்கை