மடிக்கிற சைக்கிளுக்கு மோட்டார்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதே

மாப்ளே,

இங்கே தருமபுரியில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை. சின்னவள் படிப்பு போய்க்கொண்டிருக்கிறது. நலம் விசாரிப்பு இவ்வளவுதான், மீதி முழுக்க உன் சைக்கிள்.

மடிக்கிற சைக்கிளுக்கு மோட்டார் மாட்டப்போகிறேன் என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பின்சக்கரத்தில் 1000 வாட் மோட்டார், கேரியரில் இன்வெர்ட்டர் கடைக்காரர் தரும் லெட் ஆசிட் பேட்டரி. நெட்டையன் சொன்னானாம்! அவன் பேச்சைக் கேட்டு நாம் வாங்கிய டேப்ரிக்கார்டர் போதாதா? 36 வோல்ட் வேண்டுமென்றால் அந்த 12 வோல்ட் பேட்டரி மூன்று அடுக்க வேண்டும். 12 ஆம்பியர் ஹவர் வகையில் ஒன்று கிட்டத்தட்ட 4 கிலோ. பேட்டரி மட்டும் உன் சைக்கிள் எடைக்குச் சமமாகிவிடும். அட்வான்ஸ் கொடுக்காதே. கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேள்.

நீ மடிக்கிற சைக்கிள் எதற்கு வாங்கினாய்? அணைப் பக்கத்திலிருந்து கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வரை மிதிக்க, மடித்து ஓசூர் பஸ்ஸில் ஏற்ற, அங்கே இறங்கி சிப்காட்டுக்கு மிதிக்க. மோட்டார் மாட்டிய பிறகும் அது மடிய வேண்டும், பஸ் படியில் தூக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் போய்விட்டால் செலவு செய்வதில் அர்த்தமே இல்லை. எந்தச் சாமானைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேள். சட்டமும் குறுக்கே நிற்கும். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருந்தால்தான் சைக்கிள் என்று பேச முடியும். 1000 வாட் என்றால் மோட்டார் வாகனம். பதிவுச் சான்று, இன்சூரன்ஸ் கேட்டால் என்னத்தைக் காட்டுவாய்?

உனக்கு ஏற்றது முன்சக்கரத்தில் 250 வாட் கியர் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே பல்சக்கரத்தோடு இருக்கிற வகை), பேட்டரியும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலரும் ஹேண்டில் தண்டில் மாட்டுகிற பையில். காரணம் சைக்கிள் நடுவில் இருக்கிற கீல். பேட்டரி கேரியரிலும் மோட்டார் முன்னாலும் இருந்தால் தடித்த பவர் ஒயர் கீலைத் தாண்டிப் போகும், ஒவ்வொரு மடிப்பிலும் நசுங்கும். இரண்டும் முன்னாலேயே இருந்தால் கீலைத் தாண்டுவது நீ மிதிப்பதை மோட்டாருக்குச் சொல்கிற பெடல் சென்சாரின் மெல்லிய ஒயர் ஒன்றுதான். பின்சக்கர மோட்டார் என்றால் கியர், செயின் எல்லாவற்றையும் கலைக்க வேண்டும், பஞ்சர் ஆனால் பாடு இரட்டிப்பு. கியர் ஹப்பின் உள்ளே ஃப்ரீவீல் இருப்பதால் கரண்ட் இல்லாமல் மிதித்தாலும் இழுக்காது. அதனால் சக்கரத்தைத் தினமும் கழற்ற வேண்டியதில்லை. தினமும் கழற்ற வேண்டியது பேட்டரிப் பை மட்டுமே. பழைய முன்சக்கரத்தை டயரோடு வீட்டில் பத்திரமாக வை, மோட்டார் வேண்டாத காலத்தில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு ரிம்மும் ஒரே அகலமாக இருந்தால் பிரேக் கட்டையை ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டியிராது.

நம் கூட்டாளி குண்டுவுக்கு டயர்மேல் உருளையை அழுத்துகிற வகைதான் பிடித்திருக்கிறதாம். கழற்ற ஒரு நிமிடம், எடை குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழையில் வழுக்கும், டயரைத் தின்னும், காற்று கொஞ்சம் குறைந்தாலே பிடிப்பு போகும். சீட் தண்டை இறக்கி மடிக்கிற சைக்கிளில் அது உட்காரும் இடமும் சிக்கல். உனக்கு வேண்டாம்.

இனி மோட்டார் வாங்கும்போது யாரும் கேட்காத ஒரு எண்: ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. 20 இன்ச் டயரின் வெளி விட்டம் ஏறக்குறைய அரை மீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 265 சுற்று சுற்ற வேண்டும். 26 இன்ச் சக்கரத்துக்கு 200 சுற்று போதும். கடைக்காரர் பெரிய சைக்கிளுக்கு வந்த 200 ஆர்.பி.எம். மோட்டாரை உன் ரிம்மில் கோத்துக் கொடுத்தால் 19 கிலோமீட்டர் வேகத்திலேயே மூச்சு வாங்கும், நீ பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். 260-க்குக் குறையாமல் கேள். சின்னச் சக்கரத்தில் ஒரு லாபமும் உண்டு: அதே முறுக்குவிசை பெரிய சக்கரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ளும். ரிம் அளவுக்கு டயர் பக்கவாட்டைப் பார். 47-406 என்ற மாதிரி எழுதியிருக்கும், கடைசி மூன்று எண்தான் ரிம். 20 இன்ச் என்ற பெயரிலேயே 451-ம் இருக்கிறது, அந்த டயர் 406 ரிம்மில் ஏறாது.

முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவையான ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே, ஆக்சில் உட்காரும் இடத்தில், உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் அள. 100 மில்லிமீட்டர் இருந்தால் வழக்கமான முன்சக்கர மோட்டார் வரும். சில மடிப்பு சைக்கிள்களில் 74 தான். அதற்கென்றே குறுகிய மோட்டார் கிடைக்கிறது. விரித்து மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சைக்கிளைக் கொடுக்காதே.

இப்போது விளையாட்டில்லாத விஷயம். ஃபோர்க்கில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார். ஒட்டினால் ஸ்டீல். அலுமினியம் என்றால் ஸ்டீல் ஃபோர்க் மாற்று, இல்லாவிட்டால் இந்த யோசனையையே விட்டுவிடு. மோட்டார் சக்கரத்தை முன்னே சுழற்றும்போது ஆக்சிலைப் பின்னே சுழற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது ஆக்சிலின் இரண்டு தட்டைப் பக்கங்கள், அவற்றின் இடைவெளி பொதுவாக 10 மில்லிமீட்டர். மோட்டார் 25 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், அந்த 10 மில்லிமீட்டரில் ஃபோர்க்கின் உதடுகள் தாங்க வேண்டியது 2500 நியூட்டன், கிட்டத்தட்ட 250 கிலோ பாரம். ஸ்டீல் முதலில் வளைந்து காட்டும். வார்ப்பு அலுமினியம் சொல்லாமல் உடையும், உடைந்தால் முன்சக்கரம் கழன்று நீ முகம் குப்புற ரோட்டில். அதே முறுக்குவிசையை 10 சென்டிமீட்டர் நீளமுள்ள டார்க் ஆர்ம் வழியாக ஃபோர்க் காலுக்குக் கடத்தினால் 250 நியூட்டன்தான், 25 கிலோ. உள்ளங்கை நீள இரும்புத் துண்டு, அது இல்லாமல் ஓட்டவே கூடாது.

ஃபோர்க் வாய் 9 மில்லிமீட்டர் இருந்தால் ஆக்சில் நுழையாது. அரம் போடலாம், இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக, போட்டுப் பார்த்துப் பார்த்து. ஆக்சில் இறுக்கமாகச் சறுக்கி உட்கார வேண்டும், ஆடக் கூடாது. ஆழத்தைத் தொடாதே. ஹப்பில் அம்புக்குறி இருக்கும், அது முன்னோக்கிச் சுழல்கிற மாதிரி மாட்டு. ஒயர் வெளியே வரும் வாய் கீழே பார்க்கட்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்து மோட்டாருக்குள் இறங்கும். நட்டை 18 ஸ்பேனரால் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கு. கால் மீட்டர் ஸ்பேனரின் நுனியில் 16 கிலோ அளவுக்கு இழுத்தால் அதுதான். முதல் வாரம் தினமும் சரிபார். அந்த ஸ்பேனர் எப்போதும் பையில் இருக்கட்டும், பஞ்சர்க்கடையில் இருக்கும் என்று நம்பாதே. மோட்டார் ஒயரில் ஃபோர்க் பக்கத்திலேயே தண்ணீர் புகாத கனெக்டர் இருக்கிற மாதிரி கேட்டு வாங்கு. அப்போதுதான் சக்கரம் சுலபமாகக் கழலும்.

பெடல் சென்சாருக்கு இரண்டாகப் பிரித்து மாட்டும் காந்த வளையம் கிடைக்கிறது, கிராங்க் கழற்ற வேண்டாம். காந்தத்துக்கும் சென்சாருக்கும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி. முன்னே மிதித்தால் ஓடாமல் பின்னே சுற்றினால் ஓடுகிறதா? வளையத்தைத் திருப்பிப் போடு. கீலைத் தாண்டும் ஒயரை முதலில் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, மடித்து விரித்துப் பார்த்து, எங்கே இழுபடுகிறது, எங்கே நசுங்குகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் டையைப் போட்டு இறுக்கு. பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கிற லிவர் கண்டிப்பாக வேண்டும். செம்மண் ரோட்டில் வளையும்போது முன்சக்கரம் சுழன்று சறுக்கும், அங்கே மோட்டாரை அணைத்துவிட்டு மிதி. கன்ட்ரோலர் 7 ஆம்பியர் போதும்: 36 பெருக்கல் 7, 252 வாட். 15 ஆம்பியர் வாங்கினால் 540 வாட் இழுக்கும், அது உன் ஃபோர்க்கையும் பேட்டரியையும்தான் கேட்கும்.

பேட்டரிக் கணக்கு இது. நீ சொன்ன 20 கிலோமீட்டருக்கு, கூடவே மிதித்தால், கிலோமீட்டருக்கு 8 வாட் ஹவர் என்று 160. ஆடிக்காற்று எதிரே அடித்தால் 12 என்று 240. 36 வோல்ட் 10 ஆம்பியர் ஹவர் லித்தியம் 360 வாட் ஹவர். அதில் ஐந்தில் நாலு பங்கைப் பயன்படுத்தினால் 288, சரியாக இருக்கும். எடை இரண்டரை கிலோவுக்குள். மோட்டார் சக்கரமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டால் கையில் தூக்குவது சமாளிக்கிற எடைதான். பஸ்ஸில் சுவிட்சை அணைத்து, கனெக்டர் வாயை மூடி, மடியில் வைத்துக்கொள். டிக்கியில் மூட்டைகளுக்கு நடுவே போடாதே.

பழைய லேப்டாப் செல்களைக் கோத்து மலிவாகக் கட்டித் தருகிறவர்களிடம் போகாதே. செல்லில் ஐ.எஸ். 16046 என்ற பாதுகாப்புத் தரக்குறி, உள்ளே செல்களைக் காவல் காக்கிற பி.எம்.எஸ். சர்க்யூட், வெளியே 20 ஆம்பியர் ஃபியூஸ், இந்த மூன்றும் இருக்கட்டும். சார்ஜர் 42 வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது. சித்திரை வெயிலில் ஓட்டி வந்ததும் சொருகாதே, 45 டிகிரிக்கு மேல் சூடான செல்லில் சார்ஜ் ஏற்றக் கூடாது. நிழலில் ஆறட்டும். ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்காதே. வாசலை மறிக்கிற இடத்தில் சார்ஜ் போடவே போடாதே, தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும். உன் வீட்டில் வாசல் ஒன்றுதான், எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் 37, 38 வோல்ட்டில் நிறுத்தி வை.

இன்னொன்று. தொப்பூர் கணவாயில் ஏறிக் காட்டுகிறேன் என்று நெட்டையனோடு பந்தயமாமே? லாரி பிரேக் பிடிக்காமல் இறங்குகிற மேடு அது. லாரியை விடு, மெதுவாக நீண்ட ஏற்றம் ஏறினால் மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகப் போய் உள்ளே இருக்கிற நைலான் பல்சக்கரம் இளகிவிடும். ஏற்றத்தில் 12 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் விழாமல் மிதித்துக்கொடு, முடியவில்லையா, இறங்கித் தள்ளு. பந்தயத்தை வாபஸ் வாங்கு, அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

காந்தம் ஒட்டியதா, ஃபோர்க் இடைவெளி எவ்வளவு, டயரில் என்ன எண், இந்த மூன்றையும் எழுதி அனுப்பு. வந்ததும் எந்தச் சக்கரம் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை யாருக்கும் காசு கொடுக்காதே. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் மாமன்