35 டொலருக்கு ஒரு ஹட்சன்ஸ் பே கோட்

ரொறன்ரோ

அன்புள்ள சுமதிக்கு,

சுகம்தானே? இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பின படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 35 டொலருக்கு ஹட்சன்ஸ் பே பொயின்ற் கம்பளியில் தைத்த கோட்! அது பழைய உடுப்புக் கடையில் குளியல் அங்கிகளோடு தொங்கினது என்று எழுதியிருந்தாய், அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தடித்த வெள்ளைத் துணி, அகலக் கழுத்து, இடுப்பில் துணிப் பட்டி. அவசரத்தில் விலை ஒட்டுகிறவருக்கு அது குளியல் அங்கிதான். நல்ல பழைய கோட் மலிவாய்க் கிடைக்கிறது இப்படித்தான். அவருக்குத் துணியைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை, நீ தொட்டுப் பார்த்தாய்.

இப்ப அது கிடைத்தது இன்னும் பெரிய அதிர்ஷ்டம். தோல் வியாபாரத்துக்கென்று 1670இல் தொடங்கி, பிறகு பெரிய கடைகள் நடத்தின ஹட்சன்ஸ் பே கம்பனி 2025 மார்ச்சில் கடன் கட்ட முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. ஜூன் முதலாம் திகதியோடு கடைகள் எல்லாம் பூட்டியாச்சு. அவர்களுடைய போர்வையின் அந்த நாலு நிறப் பட்டையும் பெயரும் 30 மில்லியன் டொலருக்குக் கனேடியன் ரயர் என்ற கடைக் கம்பனியிடம் போய்விட்டன. அதுக்குப் பிறகு பட்டை போட்ட எதைக் கண்டாலும் விற்கிறவர்கள் விலையை ஏற்றுகிறார்கள்.

அசல்தானா என்று கேட்டாய். முதலில் பட்டையின் ஒழுங்கைப் பார்: பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலம். கடைசி நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலடியில் வைத்துப் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் பென்டில்ரன் ஆலை நெய்கிற கிளேசியர் போர்வையிலும் இதே போல நாலு பட்டை உண்டு, ஆனால் அதில் கருநீலத்தின் இடத்தில் கறுப்பு. பழைய கருநீலம் கடை விளக்கில் கறுப்பு மாதிரித்தான் தெரியும். பென்டில்ரன் என்றாலும் நட்டம் இல்லை, அதுவும் நல்ல கம்பளி. அக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்றால்தான் பிழை. உள்மடிப்பிலிருந்து இரண்டு இழையை உருவி, இடுக்கியால் பிடித்து, சிங்குக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார். கம்பளி மெல்ல எரிந்து, தலைமயிர் கருகின மணம் வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுத்த கட்டியாய் இறுகும்.

பிறகு லேபல். நார் விபரம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்து, கூடவே "சிஏ" என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்ணும் இருந்தால், அது 1970களிலோ அதற்குப் பிறகோ தைத்தது. துணி லேபல் சட்டம் வந்ததே 1970இல். உன் படத்தில் ஆங்கிலம் மட்டும்தான் தெரிகிறது, எண்ணைக் காணவில்லை. லேபல் கிழிந்து போகாமல் முழுசாக இருந்தால் இது அதற்கு முந்தினதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பக்கத்தில் வேறொரு தையல் கம்பனியின் லேபல் இருக்கிறதே என்று பயப்படாதே. இந்தப் போர்வைத் துணியை வாங்கி வெளியாரும் கோட் தைத்திருக்கிறார்கள்.

கோட்டின் உள்ளோரத்தை விரித்துப் பார். போர்வையின் ஓரம் வெட்டுப்படாமல் அங்கே வந்திருந்தால், விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கறுப்புக் கீறுகள் நெய்திருக்கும். அவைதான் "பொயின்ற்". ஒரு கீறு ஒரு பீவர் தோல் விலை என்று எல்லாரும் சொல்வார்கள், அது சரியில்லை. போர்வையை விரிக்காமலே அதன் அளவைச் சொல்ல வைத்த அடையாளம் அது. கம்பனி 1779இல் இங்கிலாந்தின் விற்னியில் நெசவுக்குக் கொடுத்து இவற்றை வழக்கமான வியாபாரப் பொருளாக்கியது. போர்வையை வெட்டிக் கோட் தைக்கிற யோசனை கம்பனியுடையதல்ல. பூர்வகுடி மக்களும், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மெற்றிஸ் மக்களும் தலைமூடியோடு தைத்து, இடுப்பில் கச்சை கட்டிப் போட்ட கப்போத் தான் இதற்கு மூத்தது.

இந்தக் கோட்டோடு வெளியே போனால் யாராவது, போர்வை கொடுத்துப் பூர்வகுடி மக்களுக்குப் பெரியம்மையைப் பரப்பின கதையை எடுப்பார்கள். இன்றைய அமெரிக்காவிலுள்ள பிற் கோட்டையில் பெரியம்மை ஆஸ்பத்திரிப் போர்வை கொடுத்தது பிரித்தானியர்தான், ஆனால் அது 1763இல், கம்பனியின் இந்தப் போர்வைகளுக்கு முன்னம். அதற்காகக் கம்பனிக்கு முழு விடுதலையும் கொடுக்க முடியாது. 1780களின் தொடக்கத்தில் பெரியம்மை பரவினது தோல் வியாபாரப் பாதைகள் வழியாகவும்தான். அந்தப் பட்டையைப் பார்த்து ஒருவர் முகம் சுருங்கினால் அதற்குக் காரணம் உண்டு, காது கொடுத்துக் கேள்.

இனி முக்கியமான வேலை. கோட்டை நேரே அலுமாரிக்குள் வைக்காதே! கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. அதுவும் வியர்வை, சாப்பாடு பட்ட இடத்தைத்தான் தேடித் தின்னும். கழுத்து மடிப்பின் அடிப்பக்கம், பொக்கற் மூடியின் கீழ், கையின் உள்மடிப்பு, அக்குள் தையல், பட்டியின் வளையம், இவ்வளவையும் திருப்பிப் பார். பிறகு கோட்டை விளக்குக்கு நேரே பிடி. ஊசி முனையளவு வெளிச்சம் வந்தாலும் அது ஓட்டைதான். அரிசி போன்ற வெள்ளைக் கூடோ மணல் போன்ற எச்சமோ தையலுக்குள் இருந்தால் பூச்சி இப்பவும் இருக்கக்கூடும்.

எதுவும் தெரியாவிட்டாலும் உறைய வை, முட்டை கண்ணுக்குப் படாது. தடித்த பிளாஸ்ரிக் பையில் போட்டு, காற்றை அமத்தி வெளியேற்றி, ரேப்பால் ஒட்டு. பேஸ்மென்ரில் மீனும் ஆட்டிறைச்சியும் வைக்கிற பெரிய பிரீசரில் ஒரு பக்கத்தை ஒழித்து, −18 பாகையில் இரண்டு கிழமை விடு. தளர்வாய் வைக்கவேண்டும், நெருக்கினால் குளிர் நடுவுக்கு மெல்லத்தான் போய்ச்சேரும், பூச்சி அதுக்குள் குளிருக்குப் பழகித் தப்பிவிடும். மாரியில் காரின் டிக்கியில் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பகலில் வெயில் பட்டால் உள்ளே சூடு ஏறிவிடும், அதை நம்பாதே. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடு. திறந்தால் ஈரம் கம்பளியில் பிடிக்கும், திறக்காவிட்டால் பையின் வெளிப்பக்கத்தில் பிடித்துக் காயும்.

அதன் பிறகு முற்றத்தில் வைத்து உடுப்புப் பிரஷால் நூல் போகும் பக்கமாக வாரி, தையலுக்குள் வக்யூமின் ஒடுங்கின முனையை ஓட்டு. பூச்சி உருண்டை மணம் காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டால் மெல்ல மெல்லப் போய்விடும், அந்த உருண்டை தானாகவே ஆவியாகிற சாமான். சிகரெட் மணம் அதைவிடப் பிடிவாதம். லைனிங்கில் கறுப்புப் பூஞ்சணப் புள்ளி இருந்தால் லைனிங்கை மாற்றத்தான் வேண்டும்.

மெஷினில் போடாதே. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றையொன்று கொளுவிப் பிடித்துக்கொள்ளும், சுருங்கின கோட்டை ஒருவராலும் விரிக்க முடியாது. குளோரின் பிளீச் பக்கமே போகாதே. வெள்ளையாக்காது, மஞ்சளாக்கி இழையையே கரைக்கும். ஒருமுறை டிறை கிளீனிங் போதும். கொடுக்க முன் அந்தப் பின்னல் தோல் பொத்தான்களைக் கழற்றி வை, கறுவாப்பட்டை நிறம் ஊறி வெள்ளைத் துணியில் பட்டால் போகாது. ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் நூலால் ஓர் அடையாளம் போடு. பக்கிள் பக்கத்தில் தெரிகிற மண்ணிறக் கறை துருவாக இருக்கலாம், டிறை கிளீனரிடம் கறை என்று மட்டும் சொல்லாமல் துரு என்று சொல்லு. அதற்கு மருந்து வேறு.

மூன்றாவது படத்தில் கைக்கு மேலே ஒரு சின்ன ஓட்டை தெரிகிறதே, அதைத் தைக்காதே. இழுத்துத் தைத்தால் சுருக்கு விழும். உள்மடிப்பிலிருந்து வெள்ளைப் பஞ்சைச் சுரண்டி எடு. ஓட்டைக்கு அடியில் தடித்த ஸ்பொஞ் வைத்து, பஞ்சை மேலே பரப்பி, 38ஆம் இலக்க ஃபெல்ற் ஊசியால் (பஞ்சைத் துணிக்குள் இழுக்கிற, சின்ன முள்வெட்டுகள் உள்ள ஊசி) நேர்க்குத்தாய்க் குத்து. சரித்துக் குத்தினால் ஊசி முறியும். முன்பக்கம் கொஞ்சம், பின்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிக் குத்தினால் துணியோடு ஒன்றாகிவிடும். பட்டாணியை விடப் பெரிய ஓட்டை என்றால் கீழ்மடிப்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து அடியில் வைத்து ஒட்டுப் போடு.

கம்பி ஹாங்கர் வேண்டாம், இந்தக் கனத்துக்குத் தோளில் புடைப்பு விழும். அகலமான மரத்தது வாங்கு. மேலே பழைய பருத்தி பெட்ஷீற் போடு.

உன் தங்கச்சியும் ஒன்று தேடுகிறாள் என்றாய். கையையும் பக்கத்தையும் தையல்காரர் குறைப்பார், தோளை மட்டும் மாற்றக் கேட்காதே, கோட்டின் விலையைவிடக் கூலி கூடும். தடித்த ஸ்வெற்றர் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்கவேண்டும். ஏப்ரல், மேயில் கனபேர் வீடு துப்புரவாக்கிக் கொடுப்பார்கள். செப்ரெம்பரில் கடைகள் கோட்டுகளை வெளியே எடுப்பார்கள். ஆண்கள் பக்கமும் போர்வை அடுக்கிற பக்கமும் ஒருக்காத் தடவிப் பார்க்கச் சொல்லு.

லேபலைக் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு, பின்பக்கத்தையும் சேர்த்து.

அன்புடன்,
வாணி