கிணற்றுக்குள் இறங்கியவர்களுக்கு

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள சிறு குடியிருப்புகளான கொட்டாய்களிலும் வாழும் பெரியோர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம்.

தூர்ந்து, முள் அடைந்து கிடந்த எங்கள் குடும்பக் கிணற்றில் 22 நாள் வேலைக்குப் பிறகு ஊற்றுக்கண் திறந்துவிட்டது. வீடு வீடாக வந்து நன்றி சொன்னேன். ஆனாலும் மனம் நிறையவில்லை. அதனால் இந்த மடல்.

போர்வெல் வற்றிய நாளில், "இந்தக் கல்லாங்காட்டையா நமக்கு விட்டுப்போனார்கள்" என்று முன்னோரைக் கடிந்து பேசியவன் நான். சேறு அள்ளிய ஒன்பதாம் நாள் கிரேன் தொட்டியில் உள்ளே இறங்கினேன். 20 அடிக்குக் கீழே மண் முடிந்து பாறை தொடங்குகிறது. அந்தப் பாறை முழுக்க விரல் நீளத்துக்கு உளித் தழும்புகள். ஒரு மூலையில் அகல் வைக்கச் சிறு மாடம். இரவிலும் வெட்டியிருக்கிறார்கள். அதில் கை வைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்று மாலை எதிர்வீட்டுப் பெரியம்மா சொன்னார். தாது வருஷப் பஞ்சத்தில் என் பூட்டன் பத்து வயதுச் சிறுவன். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த நம் பகுதியும் வாடியது. 1877 தொடக்கத்தில் அரசின் நிவாரண வேலைக்குப் போன ஆண் ஒருவருக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும்தான். பூட்டனின் தகப்பனார் அந்தக் கூலிக்குச் சாலைக்கல் உடைத்தார். மகன் கூடையில் அள்ளினான். கற்றாழைக் குருத்தை அவித்துத் தின்றும் இரண்டு தங்கைகள் பிழைக்கவில்லை. அந்தச் சிறுவன் வளர்ந்து, பகலில் கூலிக்குப் போய்விட்டு, அந்தியில் வந்து இந்தப் பாறையை உடைத்தான். மண் சுமந்தவள் பூட்டி. வயிற்றில் என் தாத்தாவுடன் சுமந்தாளாம். தண்ணீர் கண்டு, மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் நீர் இறைத்த பிறகும், தானியம் சேர்த்து வைக்கும் குதிர் காலியாக இருக்கப் பூட்டன் விட்டதில்லை. பூச்சி அண்டாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கேழ்வரகு அதில் எப்போதும் இருந்ததாம்.

"அவர்களுக்கு யார் துணை?" என்று கேட்டேன். கல்லை மேலே இழுக்க வடமும் மாடும் கொடுத்தது மேற்குக் கொட்டாய்க்காரர்கள் என்றார் பெரியம்மா.

தினமும் களியும் கொள்ளுச் சாறும் கொண்டுவந்த அக்காமார்களே, நீங்கள் அதே கொட்டாய். இடிந்த சுற்றுக்கட்டை அடுக்கித் தந்துவிட்டு அரைக் கூலியைத் திருப்பிக் கொடுத்த அண்ணனும் அதே கொட்டாய். உங்கள் தாத்தாமார்களுக்கு எங்கள் வீட்டில் யாராவது நன்றி சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

கடைசி இரண்டு நாள் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட கிரேன் தம்பிக்கும், கல்லூரி விடுமுறையைச் சேற்றில் கழித்த பிள்ளைகளுக்கும், இத்தனை காலம் கதையைக் காத்து வைத்திருந்த பெரியம்மாவுக்கும் என் நன்றி.

குடிநீருக்கு 2013இல் வந்த ஒகேனக்கல் திட்டக் குழாய் இருக்கிறது. இந்தக் கிணறு பயிருக்கு. கேழ்வரகு நாற்று விட்டிருக்கிறேன். அறுத்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வள்ளம் அளந்து கொண்டுவருவேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
கிணற்றுக்காட்டு வீட்டுப் பேரன்