மார்கன் பல்கலைக்கழகத்துக்கும் கொடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நம்மவர்கள் தரும் நன்கொடை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரண்டதில் எனக்கும் பெருமை உண்டு. அதே கை, நான் வசிக்கும் மேரிலாந்தில் உள்ள மார்கன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பக்கமும் நீள வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

உள்நாட்டுப் போர் முடிந்த இரண்டாம் ஆண்டில், 1867-ல், கறுப்பின இளைஞர்களைப் போதகர்களாக்க மெதடிஸ்டு திருச்சபையினர் பால்டிமோரில் தொடங்கிய பள்ளி அது. 1939-ல் மாநில அரசு வாங்கியது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அரசு எப்படி நடத்தியது என்றும் பார்க்க வேண்டும். மார்கனில் எம்.பி.ஏ. படிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, அருகிலிருந்த வேறு இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக அதே படிப்பைத் தொடங்க 2005-ல் அனுமதி கிடைத்தது. மாணவர்கள் அங்கே போய்விட்டால் மார்கனில் வகுப்பு எப்படி நடக்கும்? மறு ஆண்டே கறுப்பினப் பல்கலைக்கழகங்களின் முன்னாள் மாணவர்கள் உள்ளிட்டோர் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். 15 ஆண்டு இழுத்தடித்து, 2021-ல்தான் 57.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதுவும் மார்கன் உட்பட மாநிலத்தின் நான்கு கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்குப் பத்தாண்டுகளில் பிரித்துத் தரும் தொகை. அரசு தன் கடனைத் தீர்க்கட்டும், அதை விடாமல் கேட்கவும் வேண்டும். அதுவரை இன்று படிக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது.

அந்தப் பிள்ளையின் பருவக் கட்டண ரசீதைப் பார்த்தால் விஷயம் புரியும். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் மேலே. கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். அதையும் கல்விக் கடனையும் கழித்த பிறகு கடைசி வரியில் சில நூறு டாலர் பாக்கி நிற்கும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் பாக்கி இருந்தால் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய விடமாட்டார்கள். நம்மில் பலர் ஒரு விருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு படிப்பு நின்றுபோகிறது.

கால்வின் டைலருக்கும் அப்படித்தான் நின்றது. குடும்பத்திலேயே முதலில் கல்லூரிக்கு வந்தவர், பணம் கட்ட முடியாமல் 1963-ல் மார்கனை விட்டு விலகினார். மறு ஆண்டு யு.பி.எஸ். என்ற பொட்டல விநியோக நிறுவனத்தில் வேன் ஓட்டுநராகச் சேர்ந்து, மூத்த துணைத் தலைவராக ஓய்வு பெற்றார். 2002-ல் அவரும் மனைவி டீனாவும் ஏழை மாணவர்களுக்காக அங்கே ஓர் உதவித்தொகை நிதியம் தொடங்கினார்கள். 2021-ல் தங்கள் கொடையை 2 கோடி டாலராக உயர்த்தினார்கள். தான் படித்து முடிக்க முடியாத இடத்துக்கு ஒரு மனிதர் செய்த கைம்மாறு இது! பெரும் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் மார்கனுக்கு 2020-ல் 4 கோடி டாலரும் 2025-ல் 6.3 கோடி டாலரும் கொடுத்தார், நிபந்தனை ஏதுமில்லாமல். அந்த மனம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நமக்கும் இதில் ஒரு கடன் இருக்கிறது. 1955-ல் பால்டிமோரின் ரீட்ஸ் மருந்துக் கடையில் கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்ததை எதிர்த்து உட்கார்ந்தவர்கள் மார்கன் மாணவர்கள். 1963-ல் வளாகத்துக்கு அருகிலிருந்த திரையரங்கில் அனுமதி கேட்டு நூற்றுக்கணக்கில் சிறை போனார்கள். இப்படிப்பட்ட போராட்டங்கள் நாட்டையே அசைத்ததால்தான் 1965-ல், ஐரோப்பியருக்குச் சாதகமாக இருந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய குடியேற்றச் சட்டம் வந்தது. அந்த வாசல் வழியே வந்தவர்கள் நாம்.

பெரிய தொகை வேண்டியதில்லை. மாதம் 20 டாலர் தானாகப் பிடித்தம் ஆகும்படி பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளையில் பதியலாம். பணியாளர் தரும் நன்கொடைக்கு ஈடாகத் தாங்களும் தரும் நிறுவனங்கள் பல உண்டு, மனிதவளத் துறையில் கேட்டுப் பாருங்கள். நிரந்தர நிதியமாக வைத்தால் முதல் அப்படியே இருக்கும். ஆண்டுக்கு நான்கு சதவீதம் எடுத்தாலும் 25,000 டாலரிலிருந்து 1,000 டாலர் கிடைக்கும், ஒன்றிரண்டு மாணவர்களின் கடைசி வரியை அடைக்க அது போதும். இந்த வட்டாரத் தமிழ்ச் சங்கங்கள் வரும் பொங்கல் விழாவிலேயே இதற்கொரு வசூலைத் தொடங்கலாம். நம் பெயரைப் பொறிக்கச் சொல்ல வேண்டாம். பணத் தட்டுப்பாட்டால் படிப்பை விடும் நிலையில் உள்ளவருக்கு என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
மேரிலாந்து வாசகி