கார் உருட்டுவது வீண் பொழுதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலர் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டுக் காரை உருட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தால் கணக்கில் முந்திவிடலாம் என்று கடந்த ஞாயிறு மலரில் ஒருவர் எழுதியிருந்தார். போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான். ஆனால் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் இந்தப் பக்கத்துப் பாலர் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பலகையின் ஒரு முனைக்குக் கீழே ஒரு புத்தகத்தை வைத்துக் காரை விடுவோம். எத்தனை தரைக்கல் தாண்டிப் போகிறது என்று பிள்ளைகளே எண்ணுவார்கள். அப்புறம் இரண்டு புத்தகம், மூன்று புத்தகம். நின்ற இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டதும் யாருடையது எத்தனை கல் அதிகம் என்று சண்டை வரும். அந்தச் சண்டைதான் கழித்தல் கணக்கு. ஒரு நாள் கல்லின் மேல் பாயை விரித்துவிட்டேன். கார் பாதியிலேயே நின்றது. "பாய் காடியைப் பிடிச்சுக்குது டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. உராய்வைப் பாடப் புத்தகத்தில் படிக்க அவளுக்கு இன்னும் பல வருடம் இருந்தது. கலிலியோவும் சரிவான பலகையில் குண்டை உருட்டித்தான், விழும் பொருளின் வேகம் எப்படிக் கூடுகிறது என்று கணக்கிட்டார். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

ஹாட் வீல்ஸ் என்னும் சின்ன விளையாட்டுக் கார்களைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றின் அடியில் மலேசியாவில் தயாரானது என்று இருக்கும். நம் பினாங்கின் பிறை நகரில் உள்ள தொழிற்சாலையிலிருந்துதான் அவை உலகமெங்கும் போகின்றன. அதை நம் வீட்டுப் பிள்ளை கையில் எடுத்தால் மட்டும் வீண் பொழுதா?

2003இல் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கச் சொன்னார்கள். 2009இல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். எந்த மொழி என்று மேடை மேடையாகப் பேசினோம். பிள்ளை கையால் தொட்டு எதைக் கற்கிறது என்று கேட்க ஆளில்லை. 2021இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வையும் நீக்கினார்கள். சரி, இனியாவது பிள்ளைகளை விளையாட விடுவார்கள் என்று நம்பினேன். இப்போது நான்கு வயதுப் பிள்ளைக்கும் டியூஷன் விளம்பரம் வருகிறது, தங்கள் பத்திரிகையிலும்தான். பயிற்சித்தாள் வராத நாளில் "இன்னிக்கு என்ன படிச்சுக் கொடுத்தீங்க?" என்று வாசலில் நிறுத்திக் கேட்ட தகப்பனார்களையும், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் காடி?" என்ற தாய்மார்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். இதைப் பற்றி முன்பே ஒரு கடிதம் அனுப்பினேன், வரவில்லை. இடமில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்த வாரம் கோப்பை வழங்கும் படங்களுக்கு அரைப் பக்கம் இருந்தது.

மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். ஒரு பலகை, ஒரு பாய், ஒரு கார், கொஞ்சம் கயிறு இருந்தால் வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளிடம் சின்னக் காரைக் கொடுக்கக்கூடாது, கழன்ற சக்கரம் தொண்டையில் சிக்கும் என்பதை மட்டும் முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு