அனுமதி மனுவோடு இன்னும் ஒரு பக்கம் கேளுங்கள்

புதுச்சேரியில் சினிமா, சீரியல் படப்பிடிப்புகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் முத்தியால்பேட்டைக்காரன். 12 வருடம் ஆர்ட் டிபார்ட்மென்டில் செட் வேலை பார்த்தவன். சில வருடங்களுக்கு முன் நம் ஊர்க் கடற்கரை ஒன்றில் மீனவர் குடியிருப்பு செட் போட்டோம். தெர்மாகோலில் பாறைகள், பிளைவுட் சுவர்கள், மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு. மூன்று ராத்திரி ஷூட்டிங். கடைசி நாள் விடியற்காலை பேக்கப் சொன்னதும் லைட் வண்டியும் கேரவனும் கிளம்பிவிட்டன. செட்டைப் பிரிக்க ஆளும் இல்லை, பேட்டாவும் ஒதுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கட்டைகளை ஊர்க்காரர்கள் விறகுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். தெர்மாகோல் மட்டும் உதிர்ந்து, வெள்ளை மணிகளாக மணலிலும் வலையிலும் ஒட்டிக் கிடந்தது. வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர், "இது உங்க ஆளுங்க போட்டதா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பாறைகளைச் செதுக்கியவன் நான். அவர் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

அன்று யாரும் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. பிரிக்க ஒரு நாள், நாலு பேர், ஒரு மினி லாரி வேண்டும் என்று பட்ஜெட் போடும்போதே யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு எந்த புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் குப்பையைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். எல்லாக் கம்பெனியும் வந்து நிற்கிற வாசல் உங்களுடையது. மனுவோடு இன்னும் ஒரு பக்கம் கேளுங்கள்: கரண்ட் எங்கிருந்து, தண்ணீர் எதில், செட் எந்தப் பொருளில், பிரித்த பிறகு எங்கே போகும்?

முதலில் கரண்ட். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஜெனரேட்டர் ஒரு நாளில் 100 லிட்டர் குடித்தால் 270 கிலோ. ஒயிட் டவுனின் குறுகலான தெருக்களில் அந்தப் புகையும் சத்தமும் வீட்டுக்குள்ளேதான் போகும். நகருக்குள் நடக்கிற ஷூட்டிங்குக்கு மின்துறையிடம் தற்காலிக இணைப்பு வாங்க வழி செய்து கொடுங்கள். பழைய டங்ஸ்டன் இழை விளக்குகளைவிட எல்.இ.டி.க்கு மின்சாரம் மிகக் குறைவாகவே தேவைப்படும் என்பது எந்த லைட்மேனுக்கும் தெரியும். எல்.இ.டி. என்றால் ஜெனரேட்டர் தேவைப்படும் இடத்திலும் சின்ன வண்டி போதும்.

கடற்கரை இரவுக் காட்சிகள் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரையிலும் கடலூர்க் கரையிலும் முட்டையிட ஏறுகின்றன. முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள். குஞ்சுகள் வெளிச்சம் அதிகமாகத் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பி நகரும். நாம் போடும் ஃப்ளட் லைட் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். முட்டையிடும், குஞ்சு வெளிவரும் மாதங்களில் மணலில் இரவு ஷூட்டிங் கேட்டால் வேறு தேதி கொடுங்கள், அல்லது வனத்துறை பார்த்துச் சொன்ன இடத்தில் மட்டும் அனுமதியுங்கள். கால்ஷீட்டை மாற்றலாம். ஆமையால் தன் மாதத்தை மாற்ற முடியாது.

செட் விஷயத்தில் சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருட்களில் அலங்காரத் தெர்மாகோலும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர்களும் உண்டு. மூங்கில், சணல், காகிதக்கூழ் எல்லாம் நம் தச்சர்களுக்கும் பொம்மை செய்கிறவர்களுக்கும் கைவந்த பொருட்கள். பாறை வேண்டுமா, காகிதக்கூழில் செய்யலாம். நானே செய்திருக்கிறேன், கேமராவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. உள்ளூர் ஆட்களை வைத்தால் சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் லாரிகள் வருவதும் குறையும். பல படப்பிடிப்புகளின் கரியமில வாயுக் கணக்கில் போக்குவரத்துதான் பெரிய சுமை.

அப்புறம் தண்ணீர். யூனிட்டில் 150 பேர், ஆளுக்கு ஐந்து அரை லிட்டர் பாட்டில் என்றால் ஒரு நாளைக்கு 750 காலி பாட்டில்கள். 20 லிட்டர் கேன், ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில், சாப்பாட்டுக்கு வாழை இலை. இதற்குப் பெரிய செலவு இல்லை. இல்லாவிட்டால் எல்லாம் போய்ச் சேரும் இடம் குரும்பாபேட் குப்பை மேடுதான்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்வார்கள். பிரிட்டனில் 2011-லேயே 'ஆல்பர்ட்' என்ற திட்டம் தொடங்கி, ஒவ்வொரு தயாரிப்பும் எவ்வளவு கரியமில வாயு வெளியிடுகிறது என்று கணக்குப் போட வைத்தார்கள். அங்கே சேனல்கள் இந்தக் கணக்கைக் கேட்டே நிகழ்ச்சிகளை வாங்கும் நிலை வந்திருக்கிறது. 'லைஃப் ஆஃப் பை' போன்ற உலகப் படத்துக்கே இடம் கொடுத்த ஊர் இது. நாமும் கேட்கலாம்.

கட்டணத்தை உயர்த்தச் சொல்லவில்லை. திருப்பித் தரக்கூடிய வைப்புத் தொகை ஒன்று வாங்குங்கள். ஷூட்டிங் முடிந்த மறுநாள் உங்கள் ஊழியர் ஒருவரும் அந்தத் தெருக்காரர் அல்லது மீனவர் பஞ்சாயத்து ஆள் ஒருவரும் சேர்ந்து இடத்தைப் பார்க்கட்டும். சுத்தமாக இருந்தால் அன்றே முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். சின்னப் படக் கம்பெனிக்கு அந்தப் பணம் உடனே கிடைப்பது முக்கியம், அதைத் தாமதிக்காதீர்கள்.

அந்த ஒரு பக்கப் படிவத்தை எழுத ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். செட்டில் எது எங்கே மிஞ்சும் என்று எனக்குத் தெரியும், சம்பளம் இல்லாமல் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பழைய செட் தொழிலாளி